ஆறாம் மாடியின் பாதுகாப்புப் பொறுப்பாளர்

மட்டக்களப்பில் ஆறு மாடி என்றால் அது உயரம்தான். கொழும்பிலிருந்து வருகிற எங்கள் மேலதிகாரிகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அங்கே ஆறாம் மாடியில் வாகனம் நிறுத்துவார்களாம். இங்கே ஆறாம் மாடியில் இருந்தால் வாவி முழுக்கத் தெரியும், கல்லடிப் பாலம் தெரியும், பாலத்துக்கு அப்பால் தென்னைகளுக்கு மேலே ஒரு கோடாகக் கடலும் தெரியும். நான் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளைக் கந்தோரில் வேலை செய்கிறேன். என் கதிரை கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் கிழிக்காத மனிதனும் கண்ணாடிக்குப் பக்கத்தில் கதிரை கிடைத்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

நிமிர்ந்து உட்கார எனக்கு வேறு இடமும் இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்குச் சீதனம். நான் உன்னிச்சையில் பிறந்தவன். ஒரு சூட்கேசும் ஒரு சைக்கிளுமாக நாவற்குடாவுக்கு வந்து சேர்ந்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வீட்டுச் சுவரில் ஆணி எங்கே அடிப்பது என்று தீர்மானிப்பவர் மாமிதான். அவர் கெட்டவர் இல்லை. சுவர் அவருடைய மகளுடையது, அவ்வளவுதான். அதனால் வீட்டில் எனக்குச் சொந்தமாகக் கதைக்கக் கிடைத்த ஒரே விஷயம் கந்தோர். சாப்பிடும்போது, "எங்கட பில்டிங்" என்று தொடங்குவேன். அது முழுக்கக் கொங்கிறீற், எந்தக் காற்றுக்கும் அசையாது, எந்தத் தண்ணியும் எட்டாது என்று சொல்லிக்கொண்டே போவேன். மாமி மீன் முள்ளைக் கவனமாக எடுப்பார். மனைவி எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுவாள்.

காற்றையும் தண்ணியையும் நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பயங்கள் குடியிருந்தன. மாமியுடையது காற்று. எழுபத்தெட்டுச் சூறாவளியில் அவர் இளம் பெண். வீட்டுக் கூரை எழும்பிப் போனதைக் கட்டிலுக்குக் கீழே கிடந்து பார்த்தவர். அன்றிலிருந்து காற்று கொஞ்சம் சத்தம் போட்டாலும் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். மனைவியுடையது தண்ணி. மழை விடாமல் பெய்து வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையில் வெள்ளம் நின்றால், அவள் குசினிக்கு மேலே உள்ள கொங்கிறீற் தட்டில் ஏறிக் குடையோடு நிற்பாள். ஒவ்வொரு மாரியிலும் ஒருவர் கீழே, ஒருவர் மேலே. நடுவில் விறாந்தையில் நான் தேத்தண்ணியோடு இருப்பேன். காட்டுப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு யானைப் பயம் மட்டும்தான் தெரியும். நாவற்குடாவுக்கு யானை வராது. ஆகவே நான்தான் அந்த வீட்டில் மூளை உள்ளவன் என்று எனக்கு ஒரு எண்ணம்.

மனைவியின் பயத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. சுனாமி வந்த காலை அவளும் தங்கையும் கடற்கரைப் பக்கத்துச் சித்தி வீட்டில் இருந்தார்கள். பக்கத்தில் பாதி கட்டிய ஒரு மாடிவீடு. அதன் படியில் இவள் ஏறினாள், தங்கை பின்னால் ஏறினாள். இவள் தப்பினாள். தங்கை கிடைக்கவில்லை. இதைக்கூட எனக்குச் சொன்னவர் மாமிதான். மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

புயல் வருகிறது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எங்கள் கந்தோரை மூடவில்லை, ஏனென்றால் தலைமைக் கந்தோர் இருக்கும் கொழும்பில் அன்றைக்கு வெயில். புயல் நாளில் காப்புறுதிக் கம்பனி மூடிக் கிடந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று எங்கள் மனேஜர் சொன்னார். அவர் ஊருக்குப் புதிது, நல்ல மனிதர், அன்றைக்கு வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

நானும் செம்மஞ்சள் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அதன் கதையைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர் வேண்டும் என்று கம்பனியில் ஒரு விதி. ஆளைத் தெரிவுசெய்த அன்று நான் லீவு. அதனால் நான் தெரிவானேன். கொழும்பில் ஒரு நாள் பயிற்சி. காலையில் தீயைப் பற்றிச் சொன்னார்கள். தீ என்றால் லிப்டில் ஏறாதே, படியால் கீழே இறங்கு. மத்தியானம் புரியாணி. அதற்குப் பிறகு வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாவற்றுக்கும் திரையில் படம் காட்டினார்கள். படம் தெரியவேண்டும் என்று விளக்கை அணைத்தார்கள். நல்ல புரியாணி அது. நான் கண் விழித்தபோது சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சான்றிதழோடு மேற்சட்டையும் ஒரு விசிலும் கிடைத்தன. ஆகத் தீயைத் தவிர வேறு எந்த ஆபத்தைப் பற்றியும் ஒன்றும் தெரியாத ஒரு பொறுப்பாளர் ஆறாம் மாடிக்கு வாய்த்தார்.

காலை பத்து மணிபோல வாவி நிறம் மாறியது. தண்ணி மண்ணிறமாகிக் கரைக் கட்டுக்கு மேலே அடிக்கத் தொடங்கியது. அந்த நேரம் மனைவி போன் எடுத்தாள்.

"வாவித் தண்ணி ஒழுங்கைக்குள்ள வந்திட்டு," என்றாள். "அம்மா கட்டிலுக்குக் கீழ போயிட்டா. கூப்பிட்டா வாறா இல்ல. தண்ணி வீட்டுக்க வந்தா கட்டிலுக்குக் கீழ கிடக்கிற ஆள என்ன செய்யிற?"

இதற்குத்தான் இத்தனை வருடமும் காத்திருந்தேன் போல இருந்தது. "அம்மாவையும் கூட்டிக்கொண்டு இஞ்ச வா," என்றேன். "எங்கட பில்டிங்குக்கு வா. ஆறாம் மாடிக்கு எந்தத் தண்ணி வரும்?"

வழக்கமாக நான் சொல்வதை அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வாள். அன்றைக்குக் கேட்கவில்லை. "ஓம், வாறம்," என்று போனை வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் பாலம் ஞாபகம் வந்தது. நாவற்குடாவிலிருந்து பட்டினத்துக்கு வர வாவியைக் கடக்கவேண்டும். கல்லடிப் பாலத்தின் மேல் காற்றுக்கு மறைப்பு என்று ஒன்றும் கிடையாது. திரும்ப அழைத்தேன், போன் எடுபடவில்லை. கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்தேன். மழைக்குள் ஒவ்வொரு ஓட்டோவாக வந்தது, ஒவ்வொன்றிலும் அவர்கள்தான் வருவதாகப் பட்டது. ஒரு ஓட்டோ பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். அந்த ஓட்டோவிலிருந்து ஒரு ஐயா இறங்கிப் பறந்த தொப்பியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறினார். யாரோ ஒருவருடைய தொப்பிக்காக நேர்த்தி வைத்தவன் நான்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் நிலமாடி வாசலில், சாரல் அடிக்கிற இடத்தில் இருந்ததால் முதலில் நனைந்தது அதுதான். ஆறு மாடியும் படியேறி, இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றார்கள். தண்ணி கட்டிலுக்குக் கீழே வந்த பிறகுதான் மாமி வெளியே வந்தாராம். மாமி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"என்ன மருமகன், வானத்திலயா கந்தோர் வெச்சிரிக்கிங்க," என்றார்.

மனைவி அங்கே நிற்கவில்லை. நேரே கண்ணாடிக்குப் போய்க் கீழே பார்த்தாள். தண்ணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்திருக்கவேண்டும். அவள் தோள் இறங்கியதை நான் கண்டேன். பிறகு திரும்பி, "இதுதான் உங்கட கதிரையா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். உட்கார்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் என் கந்தோருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சேலைத் தண்ணி கதிரையெல்லாம் ஊறியது, எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. என் வீட்டில் அவளை இருத்தியதுபோல இருந்தது.

அந்தச் சந்தோசம் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட இருக்கவில்லை. கடல் பக்கமிருந்து ஒரு இரைச்சல் கிளம்பியது. காற்றின் சத்தம்தான், வேறு ஊரார் என்றால் அதைக் கேட்டுக் காற்று என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் எங்கள் ஊர்ச் சனத்துக்கு அந்தத் திசையிலிருந்து இரைச்சல் வந்தால் ஒரே அர்த்தம். தெருவில் யாரோ, "கடல் வருது, ஏறுங்க," என்று கத்தினார்கள். அவ்வளவுதான். கீழே புடைவைக் கடையில் நின்றவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லோரும் எங்கள் படியில் ஏறத் தொடங்கினார்கள்.

நான் படித் தலைப்பில் நின்றேன். தீ என்றால் கீழே என்று படித்திருக்கிறேன், இது தீ இல்லை, ஆகவே மேலே. இப்படி ஒரு கணக்கு என் மண்டைக்குள் ஓடியது. விசிலை ஊதி, இரண்டு கையாலும் எல்லோரையும் மேலே வரச் சொன்னேன். மேற்சட்டையைக் கண்டதும் சனம் நம்பி வந்தது. புடைவைக் கடை முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது, "நல்ல வேல செய்யிறிங்க தம்பி," என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு நெஞ்சு விம்மியது. சூறாவளி நேரத்தில் ஊரின் மிக உயரமான கண்ணாடி அறைக்குள் ஒரு தெருச் சனத்தையே அடைத்து வைத்த பெருமை, எனக்குத் தெரிந்து, வேறு எவருக்கும் இல்லை.

எல்லோரும் உள்ளே வந்த பிறகு இரைச்சல் கட்டடத்தில் மோதியது. கண்ணாடிச் சுவர் உள்ளுக்கும் வெளிக்கும் மூச்சு விட்டது. மாமி அதை ஒருமுறைதான் பார்த்தார். உடனே குனிந்து என் மேசைக்குக் கீழே போனார். "கடல் இல்ல இது, காத்து," என்று அங்கேயிருந்து சத்தம் வந்தது. அடுத்த நிமிடம் என் கதிரைக்குப் பக்கத்துக் கண்ணாடி வெடித்தது. நல்லகாலம், மனைவி அப்போது எழும்பிக் கதவுப் பக்கம் போயிருந்தாள். கடதாசிகள் எழும்பிக் கந்தோர் முழுக்கச் சுற்றின. மேலே பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, கூரை தெரிந்தது.

கூரை தகரம்.

நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து மாடிதான் கொங்கிறீற். ஆறாவதைப் பிறகு இரும்புச் சட்டம் வைத்து, தகரம் போட்டு, அடியில் வெள்ளைப் பலகை அடித்து மறைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கீழே வேலை பார்த்துக்கொண்டு, குசினிக்கு மேல் உண்மையான கொங்கிறீற் தட்டு உள்ள வீட்டுக்காரிக்கு நான் கட்டட வலிமை படிப்பித்திருக்கிறேன். தகரத்தின் ஒரு மூலை எழும்பி எழும்பி அடித்தது. பயந்த சனம் என்னைப் பார்த்தது. நான் விசிலை ஊதினேன். இந்த முறை கையைக் கீழ்நோக்கிக் காட்டினேன்.

"இப்பதானே ஏறச் சொன்னிங்க," என்றார் புடைவைக் கடை முதலாளி.

இறங்கினார்கள், ஆனால் முழுக்க இறங்கவில்லை. வாவித் தண்ணி நிலமாடிக்குள் வந்துவிட்டது என்று கீழே போனவர்கள் திரும்பி ஏறினார்கள். மேலே நின்றவர்கள் தகரம் போகிறது என்று இறங்கினார்கள். இருட்டுப் படியில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டன. காற்றுக்குப் பயந்தவர்கள் இரண்டாம் மாடியில் இருப்போம் என்றார்கள், தண்ணிக்குப் பயந்தவர்கள் நான்காம் மாடிக்குக் கீழே வரமாட்டோம் என்றார்கள். எழுபத்தெட்டில் என்ன நடந்தது தெரியுமா என்று ஒருவர் தொடங்க, சுனாமியில் என்ன நடந்தது தெரியுமா என்று இன்னொருவர் குறுக்கிட்டார். இரண்டையும் கண்ட ஒரு அம்மா மூன்றாம் மாடியில் படியோடு படியாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மாமியை மனேஜர் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார். தீர்ப்புச் சொல்ல என்னைக் கேட்டார்கள். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தலையை எல்லாப் பக்கமும் ஆட்டினேன்.

அப்போதுதான் மனைவி இல்லை என்று தெரிந்தது.

திரும்ப மேலே ஓடினேன். அவள் ஆறாம் மாடிப் படித் தலைப்பில், கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியால் நிலமாடி வரை தெரிந்தது. அங்கே தண்ணி மினுங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கந்தோர்க் கதவுக்குள், தகரம் இழுபட்டுக் கிழிகிற சத்தம் கேட்டது.

"வா," என்றேன். அவள் அசையவில்லை.

பயிற்சியில் சொன்னதெல்லாம் சொன்னேன். பதட்டப்பட வேண்டாம், வரிசையாக வரவும், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவும். என் பெண்சாதியிடம் தூய தமிழில் கதைத்தேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். கம்பியும் அவளும் ஒன்றாகிவிட்டதுபோல இருந்தது. "இஞ்ச இரிந்தா கூரை தலைக்கு மேல விழும்," என்று கத்தினேன்.

"நீங்கதானே செல்லினிங்க இஞ்ச தண்ணி வராதெண்டு," என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நான் சொன்னதை அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள். எத்தனையோ வருடமாக மீனும் சோறும் பிசைந்துகொண்டு நான் அளந்த கதையை எல்லாம் ஒருவர் நம்பியிருக்கிறார் என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவள் அந்த இடத்திலேயே நின்று, அந்தத் தகரம் கழன்று வந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்க என் முழங்கால் இரண்டும் ஆடத் தொடங்கின. உன்னிச்சைக் காட்டில் யானைக்கு முன்னால்கூட அப்படி ஆடியதில்லை. படியிலேயே குந்திவிட்டேன்.

"எனக்குக் கால் நடுங்குது புள்ள," என்றேன். "தனிய இறங்க ஏலா. எனக்கு ஒண்டும் தெரியா. நீ வந்தாத்தான் நான் போவன்."

இது தந்திரம் என்று பிறகு ஊரில் சிலர் என்னைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அது தந்திரமில்லை. நான் உண்மையாகவே குந்தியிருந்தேன்.

அவள் கண்ணைத் தண்ணியிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள்.

"ஒழும்புங்க," என்றாள். "நீங்க முன்னுக்கு இறங்குங்க. முகத்த என்ட பக்கம் வெச்சிக்கிட்டு இறங்குங்க. திரும்பப்படாது."

ஆகவே நான் ஆறாம் மாடியிலிருந்து பின்பக்கமாக இறங்கினேன். செம்மஞ்சள் மேற்சட்டை, வாயில் விசில், ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி. அவள் ஒரு படி மேலே, என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தாள். கல்யாணப் படம் எடுத்த அன்றுகூட அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஐந்தாம் மாடியைத் தாண்டும்போது தலைக்கு மேலே பெரிய சத்தத்தோடு தகரம் போனது. மழை படிக்குள் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். நான்காம் மாடிச் சனம் வழிவிட்டது. புடைவைக் கடை முதலாளியின் வயிற்றில் ஒருமுறை என் முதுகு இடித்தது. யாரோ சிரித்தார்கள். அதற்குக் கீழே மனேஜர் மாமியை இருத்திவிட்டு ஏறி வந்து குந்தியிருந்தார். அவருடைய வெள்ளைச் சப்பாத்தை மிதித்தேன், அவர் "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார். கீழே இரண்டாம் மாடியிலிருந்து மாமி, "இன்னும் கீழ வாங்க, காத்து அடிக்கும்," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் மனைவி நின்றாள். அங்கிருந்து பார்த்தால் தண்ணி தெரியவில்லை. அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"இஞ்ச வருமா?" என்று கேட்டாள்.

சுற்றியிருந்த எல்லோரும் மேற்சட்டைக்காரனின் பதிலுக்காகத் திரும்பினார்கள்.

"தெரியா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் இன்னும் அவளைப் பார்த்தபடிதான் ஒரு படி கீழே நின்றேன், திரும்பலாமா கூடாதா என்று தெரியாமல்.

"ஏன் என்னப் பின்பக்கமா இறங்கச் செல்லினாய்?" என்றேன். "நான் விழுந்தாப் பிடிக்கவா?"

இல்லையென்று தலையசைத்தாள். மெல்லச் சொன்னாள், நான் குனிந்துதான் கேட்கவேண்டியிருந்தது.

"அண்டைக்கி நான் முன்னுக்கு ஏறினன். தங்கச்சி பின்னால வாறாள் எண்டுதான் நினைச்சன். ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கல்ல."

இதற்கு என்னிடம் பயிற்சி இல்லை. விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். பக்கத்தில் இருந்துகொண்டேன்.